கை காட்டிய பக்கம்

சிலரை நினைத்தால் கோபம் வரும். சிலரை நினைத்தால் பயம் வரும். அவரை நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வரும். இத்தனைக்கும் அவர் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. யாரையுமே திட்டியதில்லை. திருப்பூரில் அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் முதலாளி அவர். நான் அங்கே சாம்பிள் செக்‌ஷனில் இருந்தேன். அதற்கு முன்னால் நான் வேலை பார்த்த கம்பெனிகளில் உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுவது முதலாளியின் கத்தலாகத்தான் இருந்தது. இவர் கம்பெனியில் "கண்ணு", "சாமி", "அம்மிணி" என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து விழாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நமக்கு வாய்த்த முதலாளி தங்கம் என்று வீட்டில் பெருமையடித்திருக்கிறேன். இப்போது யாராவது என்னைக் கண்ணு என்று கூப்பிட்டாலே, இவருக்கு நம்மிடம் என்ன ஆகவேண்டும் என்று யோசிக்கிற ஆளாகிவிட்டேன். அது அவர் புண்ணியம்.

காலையில் வந்ததும் நேராக ஆபீஸுக்குப் போகமாட்டார். கேட் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து, வேட்டியை மடித்துச் செருகிக்கொண்டு, வலது கையை இறுக்க மூடி முன்னால் நீட்டுவார். "இந்தா, இந்தா, வா சாமி" என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார். கம்பெனி வாசலில் திரிகிற தெருநாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். மூடிய கையைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும், முனகும், பின்னங்காலில் உட்கார்ந்து அவர் முகத்தையே அண்ணாந்து பார்க்கும். நன்றாகப் பார்க்கவிட்டு, அப்புறம் கையை விரிப்பார். ஒன்றும் இருக்காது. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். பக்கத்தில் இருக்கிற சூப்பர்வைசர்களும் சிரிப்பார்கள், சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதற்காக. நாயின் மூக்கு ஈரம் பட்ட கையை, பக்கத்தில் எந்தத் துணி இருக்கிறதோ அதில் துடைத்துக்கொள்வார். பல நாள் அது நான் கையெழுத்துக்கு எடுத்துப் போன சாம்பிளாக இருக்கும்.

துணியை அவர் பார்க்கிற விதமும் அப்படித்தான். விரலை நாக்கில் வைத்து எச்சில் தொட்டுத்தான் பீஸைப் பிரிப்பார். ஒரு பீஸுக்கு ஒரு எச்சில். வெளிநாட்டுக்காரன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கெங்கோ திரியப்போகிறான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வரும்.

அந்த நாய்களில் ஒன்றுக்குக் காலர் என்று பெயர். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை வளையம். செக்கிங் செக்‌ஷன் பெண்கள் வைத்த பெயர். தாயை ஏதோ லாரி அடித்துப்போட்டுவிட, குட்டியாக வந்து சேர்ந்தது. கேட் பக்கம் கிடக்கிற வேஸ்ட் துணி மூட்டை மேல்தான் தூங்கும். குட்டியில் அது அவர் கையை நம்பி எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் பாதி தூரம் வந்து நின்றது. அப்புறம் இருந்த இடத்திலிருந்தே பார்த்தது. கடைசியில் அவர் கூப்பிட்டால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மரியாதை தெரிந்த நாய், மேலே வந்து விழாது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

ஒரு நாள் மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டேன், டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கி ஒரு தடவையாவது போடலாமில்லீங்களா என்று. என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போட்டா வாயில கவ்விட்டு அக்கட்ட போயிருமே அம்மிணி. போடாம இருந்தாத்தான் நம்ம மூஞ்சியவே பாத்துட்டு நிக்கும்."

அவரைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியதெல்லாம் அந்தப் பேச்சிலேயே இருந்தது. எனக்குத்தான் உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஏனென்றால் எங்கள் எல்லாருக்கும் அவர் கையில் ஏதோ ஒன்று இருந்தது. அயர்ன் டேபிள் ஆட்களுக்கு ஒரு பெரிய ஃபேன். தையல் பெண்களுக்குக் கதவில் தாழ்ப்பாள் உள்ள கழிவறை. எனக்கு, வெளிநாட்டில் நடக்கிற துணிக் கண்காட்சிக்கு கம்பெனி சார்பில் போகிற வாய்ப்பு. கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். "சரக்கு வண்டி ஏறட்டும் கண்ணு, அப்பறம் பாரு" என்பார். சரக்கு வண்டி ஏறும். அடுத்த சரக்கு மேசைக்கு வரும். நான் பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு அவர் மூஞ்சியைப் பார்த்தபடி ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன். வால் ஒன்றுதான் இல்லை.

செக்கிங்கில் செல்லக்கனி அக்கா இருந்தார். தென்காசிப் பக்கம். டியூப் லைட்டுக்குக் கீழே பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. மத்தியானத்தில் காலர் படுத்துக்கொள்வது அவர் மேசைக்குக் கீழேதான். சாப்பாட்டில் கடைசி உருண்டையை அதற்கு வைக்காமல் டிபன் பாக்ஸைக் கழுவமாட்டார். அக்காவுக்கு ஒரே மகள். ஊரில் கட்டிக்கொடுத்து, முதல் பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகளுக்கு மாமியார் கிடையாது, மாப்பிள்ளை வெளிநாட்டில். அம்மா போனால்தான் உண்டு. அக்கா முறையாக முன்கூட்டியே லீவு கேட்டார். முதலாளி வழக்கம்போல, உன்ற மக என்ற மகளாட்ட, நீ போகாம யார் போறது, சரக்கு வண்டி ஏறட்டும் என்றார். அக்காவைப்போலக் கம்பெனி குவார்ட்டர்ஸில் தங்கியிருப்பவர்கள் அவர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் இல்லாமல் பையோடு வெளியே போக முடியாது. அது எங்கள் கம்பெனியில் எழுதாத சட்டம். ஆகவே அக்கா ஒவ்வொரு சரக்கு வண்டியையும் கண்ணால் வழியனுப்பிக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் மதுமிதா வந்தாள். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. நாய் உலகத்தை எப்படிப் பார்க்கிறது, என்ன நினைக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. வீட்டில் வளர்க்கிற நாய் வேண்டாமாம், தெருநாய்தான் வேண்டுமாம். மனிதர்கள் கையைக் காட்டினால் தெருநாய் அதைப் புரிந்துகொள்கிறதா, யார் காட்டினாலும் ஒரே மாதிரி நம்புமா, ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்குமா என்று சோதிக்கவேண்டும். கம்பெனிகள் இருக்கிற தெருவில் தினமும் ஒரே ஆட்களைப் பார்க்கிற நாய்கள் கிடைக்கும் என்று தேடி வந்திருந்தாள். முதலாளியிடம் அனுமதி கேட்டாள். அவர் காதில் விழுந்தது மூன்றே சொற்கள்தான். சோதனை, வீடியோ, ரிப்போர்ட்.

திருப்பூரில் அந்த மூன்று சொல்லும் சேர்ந்து வந்தால் அதற்கு ஆடிட் என்று அர்த்தம். தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்புவான். அதற்கு முந்தின நாள் எங்கள் கம்பெனி கல்யாண வீடாகிவிடும். காலியாகக் கிடக்கிற முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் வந்து உட்காரும். எல்லார் மூக்கிலும் புது மாஸ்க் ஏறும். என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று லைன் லைனாக நிறுத்திப் பாடம் நடக்கும். ஆடிட்டர் கார் தெருமுனை தாண்டியதும் மாஸ்க்கைக் கழற்றித் திரும்ப எண்ணி வாங்கிக்கொள்வார்கள். அவருக்கு இந்தக் கலை கைவந்தது. ஆகவே மதுமிதா வருகிற நாளுக்கு முந்தின நாள் அவர் நாய்களுக்கு ஆடிட் தயாரிப்பு செய்தார்.

சத்தியமாக நடந்தது. ஹவுஸ்கீப்பிங் ஆளை விட்டு எல்லா நாய்க்கும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொன்னார். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் கழுத்துப்பட்டை தைத்து, அதில் கம்பெனி லேபிளையும் வைத்துத் தைக்கச் சொன்னார். தைத்தது என் செக்‌ஷன் டெய்லர். மதுமிதா எந்த மாதிரிச் சோதனை செய்வாள் என்று நைசாக என்னை விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு கிண்ணமும் கோழியும் வாங்கி, சமையல்காரரை வைத்து நாய்களுக்குச் சாயங்காலம் வரை ஒத்திகை. நாய்கள் கோழியைத் தின்று தின்று ஏப்பம் விட்டன. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோழியைக்கூட அவர் தன் கையால் போடவில்லை. தூரத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

மறுநாள் மதுமிதா வந்து பார்த்தாள். பட்டை கட்டிய நாய்கள் வயிறு உப்பி வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஷாம்பு வாசனை வேறு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பதறிப்போய், ஒரு தடவை சான்ஸ் குடுங்க மேடம், புள்ளைகளைச் சரிபண்ணிர்றேன் என்று கெஞ்சினார். இது பரீட்சையே இல்லை சார், சரி தப்பு எதுவும் கிடையாது, நாய் என்ன செய்கிறதோ அதைத்தான் எழுதுவேன் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். சரி தப்பு இல்லாமல் ரிப்போர்ட் எதற்கு எழுதுகிறார்கள் என்று அவருக்குப் புரியவேயில்லை. அவள் போன பிறகு என்னிடம், அந்தப் புள்ளை ஏதோ எதிர்பாக்குதா கண்ணு, கொஞ்சம் கேட்டுப் பாரு என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நாய்களின் வயிறு வற்ற இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி வந்தாள். அன்று பார்த்து பையிங் ஆபீஸ் மேனேஜரும் வந்திருந்தார். வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருந்து ஆர்டர் வாங்கித் தருகிறவர். அவர் மனசு வைத்தால்தான் சரக்கு. நாய்களுக்கு எல்லாம் ஆராய்ச்சி நடத்துகிற கம்பெனி என்று பையருக்குப் படம் அனுப்பலாமே என்று முதலாளிதான் வரவழைத்திருந்தார்.

சோதனை ரொம்பச் சாதாரணமானது. ஒரே மாதிரி இரண்டு கிண்ணம். இரண்டிலும் கோழித்துண்டைத் தேய்த்து எடுத்துவிடுவாள், மோப்பத்தில் வித்தியாசம் தெரியக்கூடாது என்பதற்காக. ஒன்றில் மட்டும் துண்டை வைத்து, இரண்டையும் அட்டையால் மூடிவிடுவாள். நடுவில் ஓர் ஆள் நின்று ஒரு கிண்ணத்தைக் கையால் காட்டவேண்டும். நாய் எதற்குப் போகிறது என்று வீடியோ ஓடும். முதலில் மதுமிதாவே காட்டினாள். காலர் அவள் கையைப் பார்த்தது, அந்தப் பக்கம் போனது, அட்டையைத் தள்ளிவிட்டுத் தின்றது. அப்புறம் வாட்ச்மேன் காட்டினார். அதற்கும் சரியாகப் போனது. டீ நேரம் ஆகிவிட்டதால் செக்கிங் பெண்கள் டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்கள்.

முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நான் காட்டுறனுங்க, என்ற நாயிகதானுங்க எல்லாம் என்று நடுவில் வந்து நின்றார். மேனேஜர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார். முதலாளி கோழி இருந்த வலப்பக்கக் கிண்ணத்தைக் காட்டினார். காலர் அவர் கையைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு நிதானமாக இடப்பக்கக் கிண்ணத்துக்குப் போய் அட்டையைத் தள்ளியது. காலி. நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. மதுமிதா மறுபடி வைத்தாள். அவர் காட்டினார். காலர் மறுபடி எதிர்ப்பக்கம் போனது, மறுபடி காலி. அவர் குரலில் தேனை இன்னும் கொஞ்சம் ஊற்றி, "இங்க சாமி, இங்க பாரு" என்று குனிந்து குனிந்து காட்டினார். அவர் எவ்வளவு குனிந்தாலும் நாய் அவர் காட்டாத பக்கம்தான் போனது. பசியோடு நிற்கிற நாய். கோழி போனாலும் பரவாயில்லை என்று போனது.

மதுமிதாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் தேடி வந்தது இதைத்தானாம். அவருடைய நிலைமை தெரியாமல் சந்தோஷமாக விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நாய்க்கு எல்லா மனுஷங்களும் ஒண்ணு இல்லை சார். யார் முன்னாடி என்ன பண்ணாங்கன்னு ஞாபகம் வச்சிருக்கும்னு நினைக்கிறோம். நீங்க எப்பவாவது இதை ஏமாத்தியிருக்கீங்களா?"

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. செல்லக்கனி அக்கா. வாயில் இருந்த டீ மூக்கில் ஏறும்படி சிரித்தார். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி அக்காவைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் எதுவோ அணைந்துபோனது. மேனேஜர் பார்க்கிறார் என்பது ஞாபகம் வந்ததும், நம்ம புள்ளைகதானுங்க, சிரிக்கட்டுமுங்க என்றார். அதோடு விட்டிருக்கலாம். எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி அறிவித்தார்.

"செல்லக்கனி, உனக்கு லீவு குடுத்தாச்சு சாமி. இந்தச் சரக்கு வண்டி ஏறுன மறுநா காலைல நீ கெளம்பு. நம்ம வண்டியிலயே பஸ் ஸ்டேண்டுல கொண்டுபோய் உடச்சொல்றேன்."

மேனேஜர் கைதட்டினார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது, வெட்கக்கேடு.

மதுமிதா போகும்போது இன்னொன்று சொன்னாள். நாயின் அபிப்பிராயம் மாறுமா என்றும் பார்க்கவேண்டும், தினமும் அதே கையால் நிஜமாகவே தின்ன ஏதாவது கொடுத்து வந்தால் அது திரும்ப நம்பக்கூடும், சில வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்றாள். அடுத்த தடவை பையரையே கூட்டி வருகிறேன், நாய் உங்களிடம் ஓடி வரவேண்டும் என்று மேனேஜர் கிண்டலடித்தார். மறுநாள் காலையில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பொறைப் பாக்கெட் வந்துவிட்டது.

நல்ல காரியம்தானே என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சில நாள் காலர் அசையவேயில்லை. வேஸ்ட் மூட்டை மேலிருந்து பார்த்ததோடு சரி. அவரும் விடாமல் கையில் பொறையை மூடி நீட்டிக்கொண்டே இருந்தார். நிஜமாகவே பொறை. நானே பார்த்தேன், பாக்கெட்டைப் பிரித்து எடுத்து வைத்தார். ஒரு நாள் காலர் இறங்கி வந்தது. வயிறு தரையில் உரசத் தவழ்ந்து தவழ்ந்து, நின்று நின்று வந்தது. மூக்கு அவர் விரலைத் தொட்டது. நான் ஜன்னலோரத்தில் சாம்பிள் கத்தரிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் விரல்கள் மெல்ல விரிய ஆரம்பித்தன. உள்ளே பொறையின் மஞ்சள் விளிம்பு தெரிந்தது. நாயின் வால் ஒரு தடவை ஆடியது.

கையை மூடிவிட்டார்.

மூடிவிட்டுப் பழைய மாதிரியே குலுங்கிச் சிரித்தார். திறக்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பையர் வருகிறான், மானம் போகும், எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த அண்ணாந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் அவரால் கொடுக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சுகம் இருந்தது பாருங்கள், அதை நான் பார்த்திருக்கவே கூடாது. யாரோ கதவைச் சாத்தாமல் குளிப்பதைப் பார்த்துவிட்டதுபோல எனக்குக் கூசிப்போய்விட்டது. காலர் தவழ்ந்து வந்த வழியே திரும்பிப் போய் மூட்டையில் ஏறிப் படுத்தது.

அந்த வாரக் கடைசியில் சரக்கு வண்டி ஏறியது. கடைசி அட்டைப்பெட்டி லாரியில் ஏறி, தார்ப்பாய் கட்டி, தூத்துக்குடி ரோட்டைப் பிடித்துப் போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மறுநாள் காலையில் செல்லக்கனி அக்கா குளித்துப் பூ வைத்து, ஒரு கட்டைப் பையும் ஒரு தோள் பையுமாகக் கேட்டுக்கு வந்தார். கட்டைப் பையில் பிறக்கப்போகிற பிள்ளைக்காக நாங்கள் கழிவுத் துணியில் தைத்துக் கொடுத்த குட்டிச் சட்டைகள் இருந்தன. காலையில்தான் மகள் போனில் பேசியிருக்கிறாள், இடுப்பு லேசாக வலிக்கிறதென்று. கேட் பாஸில் கையெழுத்து வேண்டும். அவர் நாற்காலியில் பொறையை மூடிய கையோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சாம்பிளில் கையெழுத்து வாங்குவதற்காகப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"வா சாமி. கெளம்பிட்டியா?" என்றார். கையெழுத்துப் போடவில்லை. அதே ஆர்டரில் இன்னும் கொஞ்சம் பீஸ் கேட்டு ரிப்பீட் வந்திருக்கிறது, உன்னைப்போல ஓட்டை பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள், ரெண்டே நாள் பொறுத்துக்கொள் என்றார். முதல் பிரசவ வலி எல்லாம் சும்மா பொய் வலியாகத்தான் இருக்கும் என்று தாய்க்கே பிரசவம் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் அந்தப் பல்லவி. "இந்தச் சரக்கு மட்டும் வண்டி ஏறட்டும்."

அக்கா கெஞ்சவில்லை. நான் எதிர்பார்த்தேன், கெஞ்சுவார் என்று. அக்கா அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. தொடை மேல் மூடி வைத்திருந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேஸ்ட் மூட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே காலர் எழுந்து நின்றிருந்தது.

"அண்ணாச்சி, இந்தக் கையில ஒண்ணும் கெடையாதுன்னு அந்த வாயில்லாச் சீவன் எப்பவோ தெரிஞ்சுக்கிட்டு. எனக்குத்தான் இம்புட்டு நாளாயிட்டு. நான் போயிட்டு வாரேன்."

பையை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். வாட்ச்மேன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தபடி, வேண்டாம் என்று தலையை மட்டும் லேசாக அசைத்தார். வாயால் சொல்லவில்லை, அவர்தான் இல்லை என்றே சொல்லாதவராயிற்றே. வாட்ச்மேன் அக்காவின் பையைப் பார்த்தார். அப்புறம் சின்னக் கதவின் தாழ்ப்பாளை விலக்கிவிட்டார். அக்கா குனிந்து வெளியே போனார். காலர் பின்னாலேயே போனது. அதன் பின்னால் மற்ற நாய்களும், கழுத்தில் கம்பெனி லேபிளோடு.

அக்கா நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று ராத்திரியே மகளுக்கு வலி பிடித்து, விடியும்போது பெண் பிறந்தது. பிள்ளை அழுகிற சத்தத்தைப் போனில் எனக்குப் போட்டுக் காட்டினார். கம்பெனிக்குத் திரும்பி வரவில்லை. வரவேண்டாம் என்று முதலாளியும் சொல்லவில்லை, வரட்டும் வரட்டும் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அக்கா இப்போது ஊரிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். காலர் அக்காவோடு பஸ் ஸ்டாப் வரை போயிருக்கிறது. பஸ் போன பிறகு பக்கத்து டீக்கடையில் தங்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது அக்கா வெளியே போன உடனே நடந்ததை. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற நாயைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"காலரு. இந்தா சாமி. நெசமாலுமே இருக்குது பாரு."

கையை விரித்தார். நான் அங்கே வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அந்தக் கை முழுசாக விரிந்து, அதில் ஒரு பொருள் இருந்ததைப் பார்த்தது அன்றுதான். வேர்வையில் ஊறி நமத்துப்போன பொறை. நாய் திரும்பவில்லை. அக்காவும் திரும்பவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். அப்புறம் தெருவில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பொறையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளை நக்கினார். நாய்களின் மூக்கு பட்ட கை, நாய்க்காக வைத்திருந்த பொறை. எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. பாவம் என்று யாராவது நினைக்கலாம். எனக்கு அந்த நேரத்திலும் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. யாருக்கும் கொடுக்க முடியாமல் கடைசியில் தானே தின்றுவிட்டாரே என்று அருவருப்புதான் வந்தது.

திரும்பியபோதுதான் நான் பின்னால் நிற்பது அவர் கண்ணில் பட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். என் கையிலிருந்து சாம்பிளை வாங்கினார். அதே விரலை நாக்கில் தொட்டு, பீஸைப் பிரித்தார். துணியில் பொறைத் தூள் ஒட்டியது.

"உன்ற ஃபாரின் விசயம் மனசுலயே இருக்குது கண்ணு. ஆபீஸுக்கு வா, இன்னைக்கே பேசி முடிச்சர்லாம்."

சொல்லிக்கொண்டே வலது கையை மூடி, ஆபீஸ் இருக்கிற பக்கம் காட்டினார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காட்டாத பக்கம் என் ஸ்கூட்டி நின்றது. சாம்பிளை அவரிடமே விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன்.